கழுகுமலையில் பெயர் பொறித்தோர்

தைப்பூசக் காலத்தில் காவடிச் சிந்தின் மெட்டைக் கேளாத செவி நம்மவரிடையே அரிது. அச்சிந்தை இயற்றிய அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டினர். அவர் பாடிப் பரவிய முருகன் வீற்றிருக்கும் ஊர் கழுகுமலை. ஆதலின், அவ்வூரை ஒருநாளும் கண்டிராத தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதன் பெயர் பழக்கமானதே. ஆயினும், கழுகுமலை என்றவுடன் அடிவாரத்துக் கோயிலும் தேரும் காவடியுமே நம் நினைவில் எழுகின்றன. அம்மலையின் மேலே, ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னர், தமிழகத்தின் பல திசைகளினின்றும் மாந்தர் வந்து வணங்கிய சமணத் திருப்பதி ஒன்று விளங்கிற்று என்பதை அறிந்தோர் சிலர். அத்திருப்பதியை ஆக்கியோர் யாவர் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர். அவர்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில், கோவிற்பட்டிக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது. கரிசல் வெளியின் நடுவே தனித்து நிற்கும் பாறைக் குன்று அது. பழைய கல்வெட்டுகள் அதனை அரைமலை என்றும் திருமலை என்றும் கூறும். அடிவாரத்து ஊருக்கு அந்நாளில் நெச்சுரம் என்று பெயர்.

குன்றின் ஒரு புறத்தில் வெட்டுவான் கோயில் இருக்கின்றது. கல்லைக் கல்லோடு அடுக்கிக் கட்டிய கோயிலன்று அது. பாறையை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, சிகரமும் விமானமும் ஒரே கல்லில் அமையச் செய்த சிவன் கோயில். கி. பி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் தொடங்கப்பெற்ற அவ்வேலை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் உருவம் அங்கே கண்டோர் உள்ளத்தைக் கவரும். இக்கோயிலைக் காண வருவோர் பலர். அதே மலையில் சற்று அப்பால், பாறைச் சுவர் முழுதும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் உருவங்களின் முன் நின்று, கீழேயுள்ள எழுத்துகளை உற்று நோக்குவோர் சிலரே.

அவ்வுருவங்கள் ஏறக்குறைய 150. பெரும்பாலானவை சமணரின் 24 தீர்த்தங்கரர்களைக் குறிப்பன. தாமரை இருக்கை, மேலே முக்குடை, மூடாத அமைதியான கண்கள், மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள் — எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் காணப்படும். இடையிடையே பெரிய சிற்பங்கள் சிலவும் உண்டு. படமெடுத்த நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதர் ஒருபுறம். தவத்தில் அசையாது நின்றமையால் கால்களிற் கொடி படர்ந்த பாகுபலி ஒருபுறம். அவர் அருகே சகோதரியர் இருவர். சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை என்னும் இயக்கி வேறொருபுறம்.

அவ்வம்பிகையின் கதையைச் சமணர் இவ்வாறு சொல்லுவர். முன்னோர் கடனுக்காகச் சமைத்த உணவைப் பசித்து வந்த துறவிக்கு அவள் முதலில் இட்டாள். அதுகண்டு சினந்த கணவன் அவளை மக்களோடு வீட்டைவிட்டு ஓட்டினான். பின்னர் அவள் இயக்கியாகித் தெய்வநிலை எய்தினாள்; கணவனோ சிங்கத்தைக் கண்டு அஞ்சி நின்றான். பசித்தவனுக்கு உணவிட்ட குற்றத்திற்காக வீடிழந்த ஒரு பெண், மலையளவு உயர்ந்தாள் என்பது கருத்து. கதையைக் கதையாகவே கொள்வோம். எனினும், ஒரு சமூகம் எத்தகைய கதையைக் கல்லிற் செதுக்கிப் போற்றிற்று என்பதும் சரித்திரமேயாகும்.

நிற்க. இவற்றை யார் செய்வித்தனர்? ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எம்போன்றோருக்குச் சரித்திரம் என்பது அரசர் பெயர்களின் அட்டவணையாகவே கற்பிக்கப்பட்டது. இன்ன மன்னன் இன்ன ஆண்டில் முடிசூடினான், இன்ன போரில் வென்றான், இன்ன கோயிலைக் கட்டினான் என மனப்பாடம் செய்து தேறினோம். ஆகவே, 150 உருவங்கள் நிறைந்த ஒரு மலையைக் கண்டால், இதைச் செய்த மன்னன் யாவன் என்றே எம் மனம் முதலில் வினவும். கழுகுமலை அவ்வினாவிற்கு வேறு விதமான விடை தருகின்றது.

மன்னன் பெயர் அங்கே இல்லாமலில்லை. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையிலிருந்து ஆண்ட பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டுகள் அங்குள்ளன. இவன் தன் செப்பேட்டில் பரம வைணவன் எனப் போற்றப்பட்டவன். வைணவனாகிய அரசன் ஆட்சியில், ஒரே மலையில் ஒருபுறம் சிவனுக்குக் கோயில் குடையப்பட, மற்றொருபுறம் சமணருக்கு உருவங்கள் செதுக்கப்பட்டன. அவனது 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மலைநாட்டு மன்னன் கருநந்தனுக்கு எதிரான போரில் உயிர்நீத்த வீரர் இருவரின் நினைவாக நிலம் விடப்பட்ட செய்தியைத் தருகின்றது. சித்தாந்தம் உரைப்போர்க்கும் துறவியர்க்கும் உணவளிக்க நிலம் விட்ட செய்தியும் கல்லில் உண்டு. ஆயினும், உருவங்களின் கீழே காணப்படும் பெயர்கள் மன்னனுடையவை அல்ல.

தச்சன் பெயர் அங்கே இருக்கின்றது. கொல்லன் பெயர் இருக்கின்றது. குயவன் பெயர் இருக்கின்றது. உழுதுண்போர், கூலிக்கு உழைப்போர், ஊர்ப் பெரியோர், படைத்தொழிலோர் ஆகியோருடைய பெயர்களும், அவர்களோடு சமண ஆசிரியர், ஆசிரியைகள், மாணாக்கர் பெயர்களும் இருக்கின்றன. ஏறக்குறைய நூறு சிறு கல்வெட்டுகள். எல்லாம் வட்டெழுத்தில், தமிழில் உள்ளவை. இன்ன ஊரினர், இன்ன பெயரினர் செய்வித்த திருமேனி இது என்னும் அளவே பெரும்பாலானவற்றின் வாசகம். புகழ்மாலை இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசாங்கக் கல்வெட்டுத் துறையார் இவற்றைப் படியெடுத்தனர். 1925இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் இவை அச்சேறின.

ஒரு குயவன் தன் வருவாயில் மிச்சம் பிடித்து, சிற்பிக்குக் கூலி கொடுத்து, ஒரு சாணோ இரு சாணோ உயரமுள்ள உருவம் ஒன்றைச் செதுக்குவித்தான். அதன் கீழே தன் பெயரையும் பொறிப்பித்தான். அவனுக்கு அருகே அவனைப் போன்ற மற்றொருவன். இவ்வாறு ஒன்றொன்றாய்ச் சேர்ந்ததே அத்திருப்பதி. பேரரசன் ஒருவன் பெருஞ்செல்வம் கொட்டி ஒரே நாளில் ஆணையிட்டு எழுப்பியதன்று; பலருடைய சிறு கொடைகள் பல ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து மலையாயின என்றே சொல்லலாம்.

இதனால் அந்நாளில் தொழிற்பிரிவும் உயர்வுதாழ்வும் இல்லாதிருந்தன என்று வாதிட யாம் வரவில்லை. தொழிலைச் சொல்லியே ஆளைக் குறிக்கும் வழக்கம் அக்கல்வெட்டுகளிலேயே உள்ளதன்றோ? யாம் சொல்வது இவ்வளவே: அந்த ஒரு பாறையில், ஆசிரியர் பெயருக்கும் அதிகாரியின் பெயருக்கும் பக்கத்தில் குயவன் பெயரும் இடம்பெறத் தடையிருக்கவில்லை. அவனுக்கு வேறு பாறை ஒதுக்கப்படவில்லை.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அப்பெயர்களுள் பல, குரத்திகள் என்னும் சொல்லோடு முடிகின்றன. இச்சொல்லை வாசிக்குங்கால் நேயர்கள் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இது மலைக்குறவர் மகளைக் குறிக்கும் வல்லின றகரக் குறத்தி அன்று. இடையின ரகரக் குரத்தி. குரவர் என்னும் சொல்லின் பெண்பால் அது. ஆசிரியை என்று பொருள். சமண சமயத்தைத் துறந்தோர் நிலையில் நின்று கற்பித்த பெண்களுக்கு அது பட்டப் பெயர். திருச்சாரணத்துக் குரத்திகள் முதலாக, ஊர்ப்பெயரால் அறியப்பட்ட குரத்தியர் பலர் கழுகுமலையில் திருமேனிகள் செய்வித்திருக்கின்றனர். மாணாக்கர், மாணாக்கியர் என்னும் சொற்களும் அங்கே பயில்கின்றன.

திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. திருக்கோட்டாறு இன்று நாகர்கோவிலின் ஒரு பகுதி. குறண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்தது. திருநறுங்கொண்டை வடக்கே நடுநாட்டில் உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் உள்ளது. இவ்வூர்களின் பெயர்களெல்லாம் கழுகுமலைக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. புகைவண்டியும் பேருந்தும் இல்லாத காலத்தில், பல நாள் நடந்து, பெண்கள் உட்பட, கற்போரும் கற்பிப்போரும் அம்மலையில் வந்து கூடினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கழுகுமலை ஒன்றுதான் இத்தகைய சான்று தருவது என்று எண்ணற்க. சிதறால் மலையிலேயே, ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்பார் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தி கல்வெட்டிலுள்ளது. வட ஆர்க்காட்டுப் பகுதியில் விளாப்பாக்கத்தில், முதற் பராந்தக சோழனின் 38ஆம் ஆண்டில், அதாவது கி. பி. 945ஆம் ஆண்டளவில், பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு ஒன்று வெட்டுவித்தார். அதற்கு முந்திய தலைமுறையில் ஆதித்த சோழன் காலத்து வேடல் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்பாரையும் அவர்பாற் பயின்ற ஐந்நூறு மாணாக்கியரையும் குறிப்பிடுகின்றது. ஐந்நூறு பெண்கள்! பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று இன்றும் சொல்லித் திரிவோர் இந்த எண்ணைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அக்காலத்துத் தமிழ்ச் சமணருட் பெரும்பாலோர் திகம்பரப் பிரிவினர். பெண் அப்பிறவியிலேயே வீடுபேறு அடைய இயலாது என்பது திகம்பரர் கொள்கை. சுவேதாம்பரர் அதனை மறுப்பர். ஆகவே, சாத்திரம் பெண்ணுக்கு இறுதிக் கதவை அடைத்தே வைத்திருந்தது. ஆனால் அதே பெண்ணை ஆசிரியை என வணங்கி, அவள் பெயரைக் கல்லில் வெட்டி, அவளிடம் பாடம் கேட்டனர் மக்கள். ஏட்டில் இருந்த சட்டம் ஒன்று. மலையில் நிகழ்ந்த வாழ்க்கை வேறொன்று. சாத்திரத்தில் இப்படி எழுதியிருக்கின்றதே, என் செய்வது என்று நம்மிடம் வாதிப்போர்க்கு, சாத்திரம் இருக்கும்போதே மக்கள் அதனினும் நல்லவராக இருக்கக்கூடும் என்று கழுகுமலை விடை பகர்கின்றது.

பள்ளி என்னும் சொல்லை நோக்குக. அதற்குப் படுக்கை என்றும், துறவியர் உறைவிடம் என்றும் பண்டு பொருள் வழங்கிற்று. துறவியர் உறைந்த குகையும் மண்டபமும் கற்பிக்கும் இடங்களாயின. நாளடைவில் கற்குமிடம் எதுவும் பள்ளியாயிற்று. நம் தோட்டத்துப் பலகைகளில் தமிழ்ப்பள்ளி என்று எழுதியிருப்பதை வாசிக்கும் போதெல்லாம், சமண பௌத்தத் துறவியர் பாறைமேல் விரித்த படுக்கையின் நினைவும் அச்சொல்லுள் உறங்குகின்றது. பள்ளியில் நாம் கற்ற நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். யாப்பிலக்கணம் பயிலுவோர் கைக்கொள்ளும் காரிகையை இயற்றிய அமிதசாகரர் சமணர். சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் சமணர். அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1887இல் அச்சிட்டபோது, பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தனர். ஆகவே கழுகுமலையில் வாழ்ந்தோர் நமக்கு அயலார் அல்லர். தமிழெழுதும் எவரும் அவர்களுக்குக் கடன்பட்டவரே.

திருஞானசம்பந்தர் காலத்தில் மதுரையில் நிகழ்ந்த வாதில் தோற்றுச் சமணர் கழுவேறினர், அத்துடன் பாண்டிநாட்டில் அச்சமயம் ஒழிந்தது என்ற கதையை நம்மிற் பலர் கேட்டிருக்கின்றோம். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர். கழுகுமலை உருவங்களோ அதற்கு ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் பிற்பட்டவை. ஒழிந்துபோன ஒரு சமயத்தார் அரசன் கண்காணப் பாண்டிநாட்டு மலையொன்றில் 150 உருவங்கள் செதுக்குவித்திருக்க முடியுமா? அங்கே தச்சனும் கொல்லனும் தம் பெயரை அச்சமின்றிப் பொறிப்பித்திருப்பரா? சமணம் தென்பாண்டி நாட்டில் ஒரே நாளில் அழிக்கப்படவில்லை. ஆதரவு பையப் பையக் குறைந்தது, பக்தி இயக்கம் மக்களை ஈர்த்தது, அரசர் கொடை கோயில்களை நோக்கித் திரும்பிற்று, பள்ளிகள் வெறுமையாயின. இன்று தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி முதலிய வடபகுதிகளிலேயே வாழ்கின்றனர். கழுகுமலையில் தீர்த்தங்கரர்களின் பக்கத்திலேயே ஊரார் அய்யனாரை வைத்து வழிபடலாயினர். உருவங்கள் எஞ்சின, அவை யாருடையவை என்னும் நினைவு அழிந்தது.

நினைவு அழிந்ததன் பயன் யாது? மலைமேற் பெயர்கள் படியெடுக்கப்பட்ட அதே காலப்பகுதியில், மலையடிவாரத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அக்காலத்தில் கழுகுமலை எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. கோயிலைச் சூழ்ந்த தேர்வீதிகளில் நாடார் சமூகத்தார் ஊர்வலம் செல்லலாகாது என்ற தடை இருந்தது. வழக்கு மன்றங்கள் வரை சென்றும் அவர்களுக்கு வழி பிறக்கவில்லை. அவருட் சிலர் கிறித்தவ சமயம் புகுந்தனர். 1895 ஏப்ரல் மாதத்தில் தேர்த்திருவிழாவின் போது கலகம் மூண்டது. இருதிறத்தும் உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. எதற்காக? ஒரு வீதியில் யார் நடக்கலாம் என்பதற்காக! மேலே பாறையில் குயவனும் கொல்லனும் ஆசிரியையும் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளாக அருகருகே இருக்க, கீழே மண்ணில் மனிதனோடு மனிதன் ஒரே தெருவில் நடக்கக் கூடாதென்று வெட்டிக்கொண்டனர். தலையை நிமிர்த்தி மலையைப் பார்ப்பார் இல்லை. பார்த்தாலும் அவ்வட்டெழுத்தை வாசிப்பார் இல்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் கதவைத் திறக்கும். மனத்தைத் திறப்பது கல்வியே.

நேயர்களே! இவ்வரலாற்றைக் கடலுக்கு இப்பால் இருக்கும் நமக்கு எழுதுவானேன் என்று கேட்பீராயின், காரணம் சொல்லுவோம். தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் எமக்குப் பெரட்டு நேரத்தில் பெயர் வாசிப்பதும், பதிவேட்டில் குறியிடுவதும் அன்றாடத் தொழில். எத்தனையோ பெயர்கள் எம் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை கூலிக் கணக்கிற்காக எழுதப்பட்டவை; கணக்கு முடிந்தால் ஏடு மூலையிற் போகும், பிறகு கறையானுக்கு இரையாகும். காட்டை அழித்து ரப்பர் நட்டவர், சாலை போட்டவர், தண்டவாளம் பதித்தவர் ஆகியோரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கின்றது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பழைய இடுகாடுகளும் மறைந்துவரும் இக்காலத்தில், தன் பாட்டனார் எந்த ஊரினின்று வந்தார், என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்!

கழுகுமலைக் குயவன் பெருஞ்செல்வனல்லன். தன் பெயரைப் பிறர் எழுதுவரென்று அவன் காத்திருக்கவில்லை. எழுத்தறிந்தவரை அண்டித் தானே எழுதுவித்தான். தன் பெயரை மட்டும் எழுதாமல் ஊரையும் சேர்த்து எழுதுவித்தான். ஆதலின் அவன் இன்னும் இருக்கின்றான். அவனுடைய அரசனைப் பற்றி நாம் அறிவது செப்பேட்டுப் புலவர் பாடிய புகழ். அவனைப் பற்றி நாம் அறிவது அவனே சொன்ன மெய்.

நாமும் அவ்வழியே செய்தல் தகும். ஒவ்வொரு தோட்டத்திலும் முதியோர் சிலரேனும் எஞ்சியிருப்பர். அவர்களிடம் ஊர், பெற்றோர், வந்த கப்பல், முதலில் இறங்கிய துறை, செய்த தொழில் ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆண்களை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர். பால்வெட்டிய பெண்களையும், லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பெண்களையும் கேளுங்கள். சாதிப் பெயரைக் குறிக்க வேண்டா, தொழிலைக் குறியுங்கள். அக்குறிப்பேட்டைத் தமிழ்ப்பள்ளியின் அலமாரியில் வையுங்கள். பள்ளி என்ற சொல்லுக்கு அதனினும் பொருத்தமான பயன் வேறில்லை.

தாய்நாடு செல்வோர் திருநெல்வேலிச் சீமைக்குப் போக நேர்ந்தால், கழுகுமலை முருகனை வணங்குவோர் வணங்குக. அதன்பின் மலைமேலும் ஏறுக. தமிழக அரசின் தொல்லியல் துறையார் அவ்விடத்தைப் பாதுகாத்து வருகின்றனர், வழி கடினமானதன்று. பிள்ளைகளையும், தவறாமல் பெண்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. உருவங்களின் அழகைக் காட்டியபின், அவற்றின் கீழேயுள்ள சிறு எழுத்துகளைச் சுட்டிக் காட்டி, "இது ஒரு தச்சன் பெயர், இது ஒரு ஆசிரியையின் பெயர்" என்று அவர்களுக்குச் சொல்லுக.